நிறத்தைப் பார்க்க முதல் லேபிளைப் பாருங்கோ

(எமது நிலையத்தில் செவ்வாய்க்கிழமைகளில் கூடும் பின்னல் வட்டத்தில், நவம்பர் மாதம் எமது தொண்டர் ஒருவர் ஆற்றிய உரை. அன்று வர முடியாமற் போன உறவுகளுக்காக இங்கே எழுத்தில் தருகிறோம்.)



என்னிடம் வருகிறவர்கள் வழக்கமாகக் கையில் கொண்டு வருவது மண்ணிறக் கடித உறைதான். படிவம் நிரப்ப வேணும், விசாரணைத் திகதி வந்திட்டுது, வேலை அனுமதிப் பத்திரம் இன்னும் வரவில்லை, இப்படித்தான் கதை தொடங்கும். போன கிழமை ஒரு தங்கச்சி வந்தா. கடித உறை இல்லை. பிளாஸ்ரிக் பைக்குள்ளிருந்து சின்னக் கையுறை ஒரு சோடியை எடுத்து மேசையில் வைத்தா. தானே பின்னினது. கருநீல நிறம், ஒரே சீரான பின்னல், எங்கேயும் ஒரு கண்ணி தவறவில்லை.

"அக்கா, ரெண்டு கிழமை இருந்து பின்னினனான். மகன் பள்ளிக்கூடத்தாலை வரேக்கை கை விறைச்சுச் சிவந்து போய் வாறான். நான் எங்கை பிழை விட்டனான்?" என்று கேட்டா.

கையில் எடுத்துப் பார்த்தேன். பின்னலில் ஒரு பிழையும் இல்லை. நூலில்தான் பிழை. அது நூறு வீதம் பருத்தி நூல். முதற் பனி ஈரப் பனி. பிள்ளை பள்ளிக்கூட முற்றத்தில் அதை அள்ளி விளையாடியிருக்கிறான். பருத்தி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், லேசில் காயாது. கையுறை போடாத கையை விட அந்த ஈரக் கையுறை போட்ட கை கூடக் குளிர்ந்திருக்கும். அந்தத் தங்கச்சி எட்டு டொலர் கொடுத்து அந்த நூலை வாங்கியிருந்தா. உதவிப் பணத்தில் மாதத்தை ஓட்டுகிற ஆளுக்கு எட்டு டொலர் என்ன பெறுமதி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதைவிட, இரண்டு கிழமை இரவிரவாக இருந்த இருப்பு.

ஆகவே இன்றைக்குப் பின்னும் முறையைப் பற்றிக் கதைக்கப் போவதில்லை. அது இங்கே கனபேருக்கு என்னை விட நன்றாகத் தெரியும். கடையில் நிற்கும்போது எந்த நூலைக் கையில் எடுப்பது, எதைத் திருப்பி வைப்பது என்பதைப் பற்றி மட்டும் கதைப்போம். ஊரில் நான் கணிதம் படிப்பித்தனான். அதனால் நடுவில் கொஞ்சம் கணக்கும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

நூல் தெரிவு எங்களுக்குப் புதிது என்று நினையாதேங்கோ. பனையோலையில் பெட்டி இழைத்த அம்மம்மாக்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். குருத்தோலையில் சின்னப் பெட்டி இழைப்பார்கள், சார்வோலையில் பாய் இழைப்பார்கள், காவோலை வேலிக்கும் அடுப்புக்கும் போகும். காவோலையை எடுத்துப் பெட்டி இழைக்க யாரும் மினக்கெட மாட்டார்கள், ஏனென்றால் மடித்தவுடன் முறியும். பொருள் எதற்கு என்று முதலில் யோசித்து, பிறகு ஓலையைத் தெரிந்தார்கள். மலைநாட்டிலிருந்து வந்த உறவுகளுக்கு இன்னும் கிட்டிய உதாரணம் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் மழைக்கும் குளிருக்கும் போர்த்திக்கொண்டு கொழுந்து எடுத்தது பருத்திப் போர்வையை அல்ல, கம்பளியை. நனைந்தாலும் சூடு தரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

நாங்கள் இங்கே ஏன் தடுமாறுகிறோம்? ஒரு காரணம் சொல். எங்கள் வாயில் பின்னுகிற நூல் எல்லாமே "வூல்"தான். கடையில் உருண்டையாக இருந்தால் அது வூல். வேடிக்கை என்னவென்றால், கியூபெக்கில் பிரெஞ்சுக்காரரும் இதே மாதிரித்தான். "லென்" என்றால் ஆட்டுக் கம்பளி. ஆனால் பேச்சில் பின்னல் நூல் எல்லாவற்றையும் லென் என்றே சொல்லுவார்கள். கடையில் அந்தப் பெயரை எழுதிப் பெரிய பலகை தொங்கும், அதற்குக் கீழே அடுக்கியிருப்பதில் முக்கால்வாசி ஆட்டைக் கண்ணாலும் கண்டிராத அக்ரிலிக்காக இருக்கும். பொய் சொல்கிறார்கள் என்பதல்ல, பேச்சு வழக்கு அப்படி. ஆகவே பலகையை நம்ப வேண்டாம். உருண்டையைச் சுற்றியிருக்கும் காகிதப் பட்டியை, அதாவது லேபிளை, திருப்பிப் பாருங்கோ. அதில் வீதம் போட்டு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதியிருக்கும். எல், ஏ, ஐ, என், ஈ என்று ஐந்து எழுத்து வந்தால் அதுதான் லென், ஆட்டுக் கம்பளி. பருத்திக்குப் பிரெஞ்சில் "கொத்தோன்". அக்ரிலிக், நைலோன், பொலியெஸ்ரர் இவை இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் இருக்கும், கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை.

இப்போது ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஆட்டுக் கம்பளியின் பெரிய குணம், தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை உள்ளே இழுத்த பிறகும் தொட்டால் நனைந்த மாதிரித் தெரியாது, சூட்டையும் விடாது. நூலுக்குள் சுருள் சுருளாக இருக்கும் மயிர்களுக்கு இடையில் காற்று அகப்பட்டு நிற்கும், அந்தக் காற்றுத்தான் உங்களைக் காப்பது. மொன்றியலில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை அளவில் நிற்கும். காற்று அடித்தால் உடம்புக்கு அது 25, 30 பாகை கீழே போல இருக்கும். பஸ் தரிப்பிடத்தில் பத்து நிமிஷம் நின்றால் தெரியும். அப்படியான நாளில் தலை, கை, கால் மூன்றுக்கும் கம்பளிக்கு நிகர் கம்பளிதான். கையில் காசு கொஞ்சமாக இருந்தால் அதைக் கையுறைக்கும் காலுறைக்கும் செலவழியுங்கோ. முதலில் நனைவது அவைதான்.

கம்பளியில் குற்றம் இல்லையா என்றால், இருக்கிறது. ஒன்று, கடி. தடித்த மயிர் உள்ள கம்பளி தோலைக் குத்தும். சோதிக்கிறபோது உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்காதேங்கோ. வேலை செய்து காய்த்த கைக்கு எல்லாம் மெதுமையாகத்தான் இருக்கும். கழுத்திலே காதுக்குக் கீழே ஒரு நிமிஷம் வைத்துப் பாருங்கோ. அங்கே கடித்தால் தொப்பிக்கும் சால்வைக்கும் வேண்டாம், வெளிக்கையுறைக்குப் பாவிக்கலாம். மெரினோ என்று எழுதியிருப்பது மெல்லிய மயிர், கடி குறைவு, விலை கூட.

மற்றது, சலவை. இதில் நான் பட்ட பாட்டைச் சொல்லத்தான் வேணும். நான் வந்த முதற் குளிர்காலம், என் மகளுக்கு நல்ல கம்பளியில் மேற்சட்டை ஒன்று பின்னினேன். மஞ்சள் நிறம். ஒன்றரை மாதம் எடுத்தது. கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் காசு போடுகிற சலவை யந்திரம் இருக்கிறதல்லவா, அதில் மற்ற உடுப்புகளோடு சேர்த்துச் சுடுதண்ணீரில் போட்டேன், பிறகு உலர்த்தியிலும் போட்டேன். வெளியே எடுத்தால் பிள்ளையின் பாவைப்பிள்ளைக்குத்தான் அளவு. தடித்துப் போய், பலகை மாதிரி. யாரோ களவெடுத்துவிட்டு வேறொன்றை வைத்துவிட்டார்கள் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். கம்பளி மயிரின் மேலே மீன் செதில் மாதிரிச் சின்னச் செதில்கள் இருக்கின்றன. சூடு, சவர்க்காரம், அலைச்சல் மூன்றும் சேர்ந்தால் செதிலும் செதிலும் கொழுவிக்கொண்டு இறுகிவிடும். பிறகு பிரிக்கவே ஏலாது.

அதனால் கம்பளி வாங்கும்போது "சூப்பர்வோஷ்" என்று இருக்கிறதா பாருங்கோ. அந்தச் செதில்களை ஆலையிலே அடக்கிவிட்ட கம்பளி அது, லேபிளில் சொன்ன சூட்டில் யந்திரத்தில் தோய்க்கலாம். லேபிளில் சின்னப் படங்களும் இருக்கும். தண்ணீர்த் தொட்டிக்குள் கை இருந்தால் கையால் தோய்க்க வேணும், சதுரத்துக்குள் வட்டம் இருப்பது உலர்த்தி, மேலே புள்ளடி போட்டிருந்தால் அதைச் செய்யக் கூடாது. உங்களுக்கு உங்கட யந்திரம் இல்லை, பொது யந்திரம்தான், வீட்டில் சின்னப் பிள்ளைகள் மூன்று பேர் என்றால், கையால் தோய்க்க வேண்டிய நூலில் பிள்ளை உடுப்புப் பின்னாதேங்கோ. நல்ல நூலாக இருக்கலாம், உங்கள் வீட்டுக்கு நல்ல நூல் அல்ல.

அக்ரிலிக் பற்றி இப்போது. சிலர் அக்ரிலிக் என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. மலிவு, யந்திரத்தில் தோய்க்கலாம், பூச்சி அரிக்காது, எந்த நிறமும் எடுக்கலாம். பிள்ளை ஒரு வருஷத்தில் வளர்ந்துவிடும், தொப்பியைப் பள்ளிக்கூடத்தில் துலைத்துவிட்டும் வரும். அதற்கு விலை கூடிய கம்பளி எதற்கு? தொப்பி, கட்டில் போர்வை, வீட்டுக்குள் போடுகிற சட்டை, இவற்றுக்கு அக்ரிலிக் காணும். ஆனால் அது வியர்வையை உறிஞ்சாது, ஓடித்திரிகிற பிள்ளைக்கு உள்ளே புழுங்கி, பிறகு குளிரும். நெருப்புக்கும் ஆகாது. அடுப்பில் சட்டி பிடிக்கிற துணியை அக்ரிலிக்கில் ஒருநாளும் பின்னாதேங்கோ. சூட்டில் உருகிக் கையில் ஒட்டும். அதற்குப் பருத்தி. பருத்தியைக் குறை சொல்லித் தொடங்கினேன், அதற்கும் இடம் இருக்கிறது பாருங்கோ. சட்டி பிடிக்க, பாத்திரம் துடைக்க, வெயில் காலத்தில் குழந்தைக்குச் சட்டை பின்னப் பருத்திதான். ஊரில் எங்களைக் காத்த நூல் அது. ஜனவரிக்கு மட்டும் வெளியில் கொண்டு போகாதேங்கோ.

இரண்டும் கலந்த நூல் பலருக்கு நல்ல நடுவழி. எண்பது வீதம் அக்ரிலிக், இருபது வீதம் கம்பளி என்று வரும். விலையும் கட்டும், தோய்க்கவும் லேசு. காலுறைக்கு என்றால் எழுபத்தைந்து வீதம் கம்பளியும் இருபத்தைந்து வீதம் நைலோனும் கலந்ததைத் தேடுங்கோ. தனிக் கம்பளியில் பின்னினால் குதிக்கால் சீக்கிரம் பொத்தல் விழும், நைலோன் அதைத் தாங்கும்.

நைலோன் என்றதும் ஒரு ஐயாவைப் பற்றிச் சொல்ல வேணும். எங்கள் வட்டத்துக்கு வருகிற ஒரே ஆண்பிள்ளை. கடற்கரை ஊர், தொழில் மீன்பிடி. முதல் நாள் "பொம்பிளையளின்ரை வேலை, நான் சும்மா தேத்தண்ணிக்கு வந்தனான்" என்று சொல்லிக்கொண்டு மூலையில் இருந்தார். ஒரு உருண்டையை எடுத்து நுனியை விரலில் உருட்டி, முறுக்கைப் பிரித்துப் பார்த்து, "இது ஒத்தை இழை, அறும். மற்றது நாலு இழை, இறுக்க முறுக்கினது, நிக்கும்" என்றார். வலை பின்னிய கை அல்லவா? கடையில் எங்களுக்கு யாரும் சொல்லித் தராத விஷயம் அது. நுனியைப் பிரித்துப் பாருங்கோ. இரண்டு, மூன்று, நான்கு இழைகள் இறுக்கமாக முறுக்கியிருந்தால் தேய்மானம் தாங்கும், குறுணி குறுணியாகப் பந்து கட்டாது. கையுறைக்கும் காலுறைக்கும் அது வேணும். முறுக்கே இல்லாத ஒற்றை இழை தொட மெதுமையாக இருக்கும். சால்வைக்குச் சரி, உரசுகிற இடத்துக்குச் சரிவராது. ஐயா இப்போது தேத்தண்ணீருக்கு வருவதில்லை, பேத்திக்குத் தொப்பி பின்ன வருகிறார்.

ஒரு உண்மையையும் சொல்லி வைக்கிறேன். எந்த நூலில் பின்னினாலும் பின்னலுக்குள் காற்றுப் போகும். கண்ணிக்குக் கண்ணி ஓட்டைதானே. பெருங்காற்று அடிக்கிற நாளில் பின்னின கையுறைக்கு மேலே காற்றுப் புகாத நைலோன் கையுறை ஒன்றைப் போட வேணும். இந்த நாட்டுக்காரருக்கே அது தெரியும். நியூபவுண்ட்லாந்தில் கையுறையின் உட்பக்கத்தில் முறுக்காத கம்பளிக் கற்றைகளைப் பின்னலோடு சேர்த்துக் கொழுவி, உள்ளே பஞ்சுமெத்தை மாதிரிச் செய்வார்கள். விரல்களுக்குத் தனித்தனி வீடு இல்லாமல் நாலு விரலும் ஒன்றாக இருக்கிற கையுறைதான் கூடச் சூடு. சின்னப் பிள்ளைகளுக்கு அதையே பின்னுங்கோ. பிள்ளைகளுக்கு நீளச் சால்வை வேண்டாம், விளையாட்டுத்திடலில் எங்காவது கொழுவிக் கழுத்தை இறுக்கும். தலையால் போடுகிற கழுத்துப் பட்டி பின்னலாம், இங்கே "காஷ்-கூ" என்பார்கள். பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களும் அதைத்தான் விரும்பும்.

இனித் தடிப்பு. லேபிளில் நூல் உருண்டை மாதிரி ஒரு சின்னப் படமும் அதில் பூச்சியம் தொடக்கம் ஏழு வரை ஒரு இலக்கமும் இருக்கும். பூச்சியம் தலைமயிர் மாதிரி மெல்லியது, ஏழு கயிறு மாதிரி. ஒன்று காலுறைக்கு, மூன்று குழந்தை உடுப்புக்கு, நான்கு தொப்பிக்கும் சால்வைக்கும் சட்டைக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் நான்காம் இலக்கத்தில் தொடங்குங்கோ. ஆறாம் இலக்கத்தில் தொப்பி ஒரே பின்னேரத்தில் முடியும் என்பது உண்மைதான், ஆனால் கண்ணிகள் பெரிதாகக் காற்றை விடும்.

அந்த இலக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சதுரம் கீறி, பத்துச் சென்ரிமீற்றருக்கு எத்தனை கண்ணி, எத்தனை வரிசை, எத்தனை மில்லிமீற்றர் ஊசி என்று போட்டிருக்கும். இங்கேதான் கணக்கு. பத்துச் சென்ரிமீற்றருக்குப் 18 கண்ணி என்றால், 90 கண்ணி போட்ட தொப்பி 50 சென்ரிமீற்றர் சுற்றளவு வரும். 54, 55 சென்ரிமீற்றர் தலைக்கு அது இழுபட்டு நன்றாகப் பிடிக்கும். அதே 90 கண்ணியை நீங்கள் கொஞ்சம் இளக்கமாகப் பின்னி, பத்துச் சென்ரிமீற்றருக்கு 16 கண்ணி வந்தால், தொப்பி 56 சென்ரிமீற்றர். கண்ணை மறைக்கும். இறுக்கிப் பின்னி 20 கண்ணி வந்தால் 45, தலையில் ஏறாது. இரண்டு கண்ணி வித்தியாசம்தான், பார்த்தீர்களா? ஆகவே முதலில் ஒரு சின்னச் சதுரம் பின்னி அளந்து பாருங்கோ. நேரம் மினக்கேடு என்று நினைப்பவர்கள் இந்த அறையில் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். அந்தச் சதுரத்தையே தோய்த்தும் பாருங்கோ. சுருங்குகிறதா, நிறம் போகிறதா என்று மேற்சட்டைக்கு முன்பே தெரிந்துவிடும். என் மஞ்சள் சட்டை மிஞ்சியிருக்கும்.

வாங்குகிறபோது கிராமைப் பார்க்காதேங்கோ, மீற்றரைப் பாருங்கோ. இரண்டு உருண்டையும் 100 கிராம்தான். ஒன்றில் 200 மீற்றர் இருக்கும், மற்றதில் நூல் தடிப்பாக இருப்பதால் 100 மீற்றர்தான் இருக்கும். நான்காம் இலக்க நூலில் பெரியவருக்குத் தொப்பி பின்ன 150 மீற்றர் அளவில் போகும், ஒரு மேற்சட்டைக்கு ஆயிரம் மீற்றருக்குக் கிட்டப் போகும், ஆள் பெரிது என்றால் அதற்கு மேலே. மேற்சட்டை தொடங்க முதல் இந்தக் கணக்கைப் போட்டு, உருண்டையின் விலையால் பெருக்கிப் பாருங்கோ. கனபேருக்கு அந்த இடத்தில் ஆசை மாறி, தொப்பி பின்ன வந்துவிடுவார்கள். பெரிய வேலைக்கு வாங்குவதென்றால் எல்லா உருண்டையிலும் சாயத் தொகுதி இலக்கம் ஒன்றாக இருக்க வேணும். ஆங்கிலத்தில் "டை லொட்", பிரெஞ்சில் "பான்" என்று போட்டிருக்கும். ஒரே பெயர், ஒரே நிற இலக்கம் என்றாலும், வேறு தொகுதி என்றால் வெயிலில் பார்க்கும்போது ஒரு கை வேறு நிறமாகத் தெரியும். ஒரு உருண்டை கூட வாங்கி, றசீதையும் வைத்திருங்கோ. பிரிக்காத உருண்டையைத் திருப்பி எடுப்பார்களா என்று காசு கொடுக்க முன்பே கேளுங்கோ.

நிறத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. எங்கள் ஆட்கள் ஊத்தை தெரியாது என்று கறுப்பும் கருநீலமும் எடுப்பார்கள். நாலரை மணிக்கு இருட்டுகிற காலம், நிலக்கீழ் வீட்டில் ஒரு மின்குமிழ் வெளிச்சம், அதில் கறுப்பு நூலின் கண்ணியைத் தேடுவது கண்ணுக்குக் கேடு. பழகுகிற காலத்தில் வெளிறிய நிறம் எடுங்கோ. மயிர் மயிராகத் தொங்குகிற ஆடம்பர நூலையும் இப்போதைக்குத் தொடாதேங்கோ. அதில் விட்ட பிழையைக் கண்டுபிடிக்க ஏலாது, பிரிக்கவும் ஏலாது. குழந்தைக்கு அந்த மயிர் வாய்க்குள் போகும்.

எங்கே வாங்குவது? புது நூல் டொலர் கடையிலும் வோல்மார்ட்டிலும் இருக்கிறது, அனேகமாக அக்ரிலிக். கம்பளிக்குப் பின்னல் கடைக்குத்தான் போக வேணும். உள்நாட்டுக் கம்பளியில், நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் 1857இல் தொடங்கிய பிறிக்ஸ் அன்ட் லிற்றில் ஆலையின் நூல் கையுறைக்கு நல்ல உறுதி. கொஞ்சம் கடிக்கும், ஆனால் உழைக்கும். அதற்கு முன் பழைய பொருட் கடைகளைப் பாருங்கோ. ரெனேசான்ஸ், வில்லாஜ் டே வலர் போன்ற கடைகளிலும், தேவாலயங்களின் கீழ்த்தளத்தில் நடக்கும் மலிவு விற்பனைகளிலும், யாரோ ஒரு பாட்டி சேர்த்து வைத்த நூல் பையோடு வரும். லேபிள் இருக்காது. கம்பளியா என்று அறிய நெருப்பு வைத்துப் பார்க்கலாம் என்பார்கள். தலைமயிர் கருகுகிற மணம் வந்தால் கம்பளி, உருகிக் குண்டு மணியானால் அக்ரிலிக், கடதாசி எரிகிற மணம் என்றால் பருத்தி. சரிதான், ஆனால் வாடகை வீட்டில் இதைச் செய்து புகை மணி அடித்து, மூன்று மாடி ஆட்களும் பனிக்குள் இறங்கி நின்ற கதை எங்கள் வட்டத்தில் இருக்கிறது. ஆர் என்று சொல்ல மாட்டேன், அவ சிரித்துக்கொண்டு இங்கேதான் இருக்கிறா. நெருப்பு வேண்டாம். நூலின் இரண்டு நுனியை விரித்து ஒன்றின்மேல் ஒன்று வைத்து, உள்ளங்கையை நனைத்து, சூடு வரும் வரை உரசுங்கோ. ஒட்டி ஒரே நூலானால் கம்பளி. ஒட்டாவிட்டால் அக்ரிலிக் அல்லது பருத்தி, அல்லது செதில் அடக்கிய சூப்பர்வோஷ் கம்பளி.

பழைய கம்பளிச் சட்டை வாங்கி அவிழ்த்துப் பின்னுவது இன்னும் மலிவு. ஆனால் வாங்க முதல் உட்பக்கம் திருப்பித் தையலைப் பாருங்கோ. பின்னின ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைத்திருந்தால் நீள நூலாக அவிழும். துணி மாதிரி வெட்டி, ஓரத்தை யந்திரத்தால் அடித்திருந்தால் வரிசைக்கு வரிசை துண்டு துண்டாக வரும், காசு நட்டம். அவிழ்த்த நூலைக் கற்றையாகச் சுற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்துத் தொங்கவிட்டால் நெளிவு போகும்.

நூல் வாங்க வசதி இல்லாவிட்டாலும் வெட்கப்படாமல் வாங்கோ, எங்களிடம் ஒரு பெட்டி நன்கொடை நூல் இருக்கிறது. நகரப் பொது நூலகங்களில் பின்னல் புத்தகங்கள் இலவசமாக எடுக்கலாம், சில நூலகங்களில் பின்னல் குழுக்களும் கூடும். கியூபெக் பெண்களுக்குச் "சேர்க்கிள் டே ஃபெர்மியேர்" என்று ஒரு பழைய அமைப்பு இருக்கிறது, 1915இல் தொடங்கியது. பின்னலும் நெசவும் தலைமுறைக்குத் தலைமுறை கைமாற்றி வருகிறார்கள். பிரெஞ்சு பழக அதை விட நல்ல வகுப்பு எனக்குத் தெரியாது. "கண்ணி விட்டுப்போச்சு" என்று சொல்லத் தெரியாவிட்டாலும் காட்டினால் போதும், அவர்களே சொல்லைத் தருவார்கள்.

போன முறை ஒருவர் கேட்டார், பின்னினதை விற்கலாமா என்று. விற்பது வேலை. வேலை அனுமதிப் பத்திரம் கையில் வர முன் விற்காதேங்கோ. பத்திரம் வந்த பிறகும், உதவிப் பணம் எடுக்கிறவர்கள் வருகிற காசைச் சொல்லத்தான் வேணும், ஐந்து டொலர் என்றாலும். சந்தையில் மேசை போட முதல் எங்களிடம் வந்து கேளுங்கோ. பத்து டொலர்த் தொப்பிக்காக உங்கள் கோவையில் ஒரு கேள்வி ஏறுவதை நான் விரும்பவில்லை.

அந்தத் தங்கச்சியின் கருநீலக் கையுறை என்ன ஆனது என்று கேட்பீர்கள். அவிழ்த்தோம். அவிழ்க்கும்போது அவ அழுதா, நான் பார்க்காத மாதிரி நூலைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பருத்தியில் பாத்திரம் துடைக்கிற துணி மூன்று பின்னியாச்சு. நன்கொடைப் பெட்டியில் உரசி உரசிச் சோதித்து ஒரு உருண்டை சாம்பல் நிறக் கம்பளி எடுத்துக் கொடுத்தோம், ஒரு கையுறை முடிந்துவிட்டது, மற்றதற்குப் பெருவிரல் மட்டும் மிச்சம்.

அடுத்த செவ்வாய் பின்னேரம் இரண்டு மணிக்குக் கூடுவோம். வரும்போது வீட்டில் இருக்கிற நூலையும், இன்னும் எறியவில்லை என்றால் அதன் லேபிளையும் கொண்டு வாங்கோ. சேர்ந்து வாசிப்போம். மண்ணிறக் கடித உறை வந்திருந்தால் அதையும் கொண்டு வாங்கோ.